பனி ஏன் சாய்ந்து தொங்கியது?

போன மாதம் துறை மாணவர்களான உங்களில் சிலர் என் வீட்டுக்கு வந்து, அந்தக் காலத்து ஆய்வகத்தைப் பற்றி எழுதித் தரும்படி கேட்டீர்கள். ஆய்வகத்தைப் பற்றி எழுதினால் இரண்டாம் பக்கத்திலேயே கொட்டாவி விடுவீர்கள். பாறையை அறுத்தோம், தேய்த்தோம், அளந்தோம். இப்போதும் அதைத்தான் செய்கிறீர்கள், கருவிகள்தான் மாறியிருக்கின்றன. ஆகவே ஒரே ஒரு கிழமையைப் பற்றி, ஏழெட்டு நாட்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். தொண்ணூறுகளின் நடுவில், நியூசிலாந்தின் ஒக்லண்ட் நகரத்து மழைக்காலத்தில் வந்த கிழமை அது. அப்போது கற்றதில் பாதியை என் மனைவியிடமும் மீதியை ஒரு மாணவியிடமும் கற்றேன். படிப்பித்தவன் என்று என்னை யாரும் பாராட்ட வேண்டாம்.

புதியவர்களுக்காக முதலில் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். அந்தாட்டிக்காவில் சில எரிமலைகள் பனிப்படலத்துக்கு அடியிலேயே வெடித்தவை. மேலே இருந்த பனி உருகிக் குளமாகத் தேங்க, வெளியே வந்த குழம்பு அந்தத் தண்ணீர் பட்டு உருண்டு உருண்டு இறுகியது. தலையணைகளை அடுக்கிவைத்த மாதிரி இருக்கும், அதனால் தலையணைப் பாறை என்கிறோம். ஒவ்வொரு தலையணையின் வெளித்தோலும் சட்டென்று குளிர்ந்து கறுப்புக் கண்ணாடியாகிவிடும். அந்தக் கண்ணாடிக்குள் கொஞ்சம் தண்ணீர் கரைந்தபடியே மாட்டிக்கொள்ளும். மேலே பாரம் கூடினால் உள்ளே நிற்கும் தண்ணீரும் கூடும். சோடாப் போத்தலின் மூடி இறுக்கமாக இருக்கும்வரை வாயு உள்ளேயே இருப்பதைப் போலத்தான். ஆகவே கண்ணாடியில் இருக்கும் தண்ணீரை அளந்தால், அன்று அந்த மலையின் மேல் பனி எவ்வளவு தடிப்பாக இருந்தது என்று சொல்லிவிடலாம். பனி எப்போதோ போய்விட்டது. அது இருந்ததற்கு அந்தக் கண்ணாடிதான் சாட்சி.

நான் அந்தாட்டிக்காவுக்குப் போனதேயில்லை. எனக்கு இழுப்பு வருத்தம், குளிரில் மூச்சு முட்டும். மருத்துவப் பரிசோதனையோடேயே நிறுத்திவிட்டார்கள். போகிறவர்கள் கொண்டுவரும் பாறைகளை ஆய்வகத்தில் இருந்து வாசிப்பதுதான் என் வேலை. ஆனால் தலையணைப் பாறை பார்க்க அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. ஒக்லண்டின் மேற்குக் கரையில், முரிவாயில், கடலுக்கடியில் பிறந்த தலையணைகள் மலைமுகம் முழுக்கத் தெரிகின்றன. புதிதாக வரும் எவரையும் ஒரு சனிக்கிழமை அங்கே கூட்டிப்போவது என் வழக்கம். பாபடோயிட்டோயில் இருந்த எங்கள் வீட்டில் மனைவி விடியவே எழும்பி இடியப்பமும் சம்பலும் கட்டித் தருவாள். அங்கே கூடு கட்டியிருக்கும் கடற்பறவைகளின் நாற்றத்தில் முதல்தடவை வருகிறவர்களுக்குச் சாப்பாடு இறங்காது. கோமதி ஒருத்திதான் தன் பங்கையும் சாப்பிட்டு என் பங்கிலும் கை வைத்தாள்.

கோமதி திருநெல்வேலிப் பெண். எங்கள் துறையில் முனைவர் பட்டத்துக்காக வந்தவள். ஒரு கோடையில் அந்தாட்டிக்கா போய், அங்கே ஒரு மலையில் அடியிலிருந்து உச்சிவரை பாறை எடுத்துவந்தாள். எதிர்பார்த்தபடியே அடிவாரத்துக் கண்ணாடியில் தண்ணீர் நிறைய இருந்தது, மேலே போகப் போகக் குறைந்தது. ஒரே ஓரிடம்தான் ஒத்துவரவில்லை. அடிவாரத்தில், நிறையத் தண்ணீர் இருந்த பாறைகளுக்கு நடுவே, ஒரு பாறைத்தொகுதியில் மட்டும் தண்ணீர் மிகக் குறைவு. உச்சிப் பாறையில் இருந்ததைவிடவும் குறைவு. நான் திரும்பத் திரும்ப அளந்தேன். அளவில் பிழை இல்லை.

இதற்குக் கோமதி சொன்ன விளக்கம் எல்லோருக்கும் பிடித்துப்போனது. மலை வெடித்துக்கொண்டிருக்கும்போதே பனிக்கு அடியில் தேங்கிய குளம் உடைத்துக்கொண்டு ஓடியிருக்க வேண்டும். பாரம் திடீரென்று குறைந்த அந்த நேரத்தில் இறுகிய பாறைதான் இது. அப்படியானால் பழைய பனிப்படலம் நாங்கள் நினைத்த அளவுக்கு உறுதியானதல்ல. கடல் கடந்து ஒரு பேராசிரியரின் காதுக்கு இது எட்டியது. அவர் ஏற்கெனவே தான் ஆராய்ந்த மலை ஒன்றில் இதே மாதிரிக் குளம் உடைந்தது என்று எழுதியிருந்தவர். ஒக்லண்டில் எங்கள் துறை நடத்திய கூட்டத்துக்கு வர ஒப்புக்கொண்டார். தன்னிடம் ஓர் ஆய்வாளர் வேலை காலியாக இருப்பதாகவும் கோமதியின் உரையைக் கேட்டபின் அதைப் பற்றிப் பேசலாம் என்றும் எங்கள் துறைத் தலைவரிடம் சொல்லியிருந்தார்.

கோமதிக்கு அந்த வேலை எவ்வளவு முக்கியம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உதவித்தொகை முடியப்போகிறது, அதோடு விசாவும். இந்தக் கண்ணாடி வேலை செய்யும் ஆய்வகங்களே உலகத்தில் சில. இந்த வேலை தவறினால் ஊருக்குப் போய் வேறு ஏதாவது செய்ய வேண்டியதுதான். மவுண்ட் ரொஸ்கிலில் அவள் எடுத்திருந்த அறையின் வீட்டுக்காரியிடம், போகிற மாதத்தைக்கூடச் சொல்லிவிட்டிருந்தாள்.

கூட்டத்துக்கு ஒரு கிழமை முன்னால், கோமதியின் உரைக்கான சிலைடுகள் ஒழுங்காக விழுகின்றனவா என்று பார்ப்பதற்காக மத்தியானம் மண்டபத்தில் தனியே இருந்தேன். அந்தப் பாறைத்தொகுதியின் படம் திரையில் விழுந்தது. எங்கள் துறையில் எல்லோரும் அந்தப் படத்தைப் பல தடவை பார்த்திருக்கிறோம். தலையணை ஒன்றின் உள்ளிருந்து குழம்பு பாதி வடிந்துபோக, மிச்சம் உள்ளேயே தேங்கி ஒரு தட்டாக இறுகியிருந்தது. தேங்கிய குழம்பு தண்ணீரைப் போல மட்டமாகத்தான் நிற்கும். மேசன் சுவர் பார்க்கும் ரசமட்டம் மாதிரி, அது இறுகிய நாளின் மட்டத்தைக் காட்டும். படத்தில் தட்டு நேராக இருந்தது. ஆகவே பாறை பிறந்த இடத்திலேயே அசையாமல் இருக்கிறது என்று எல்லோரும் எடுத்துக்கொண்டோம். பக்கத்தில் வழக்கம்போல ஒரு சுத்தியல்.

சிலைடு சரியாக விழுந்தாயிற்று, அடுத்ததற்குப் போயிருக்கலாம். தேநீர்க் கோப்பை கையில் இருந்ததால் சும்மா பார்த்துக்கொண்டு நின்றேன். தலையணையின் பொந்துக்குள், மேலோரத்தில், விரலளவு பனிக்கட்டி ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. வெயிலில் உருகிச் சொட்டும்போது உறைந்தது. அது சாய்ந்து தொங்கியது.

கோப்பையைக் கீழே வைத்தேன். சொட்டுகிற தண்ணீர் நேரே கீழேதான் விழும். ஆகவே பனி உண்மையில் நேராகத்தான் தொங்கியிருக்கும், சாய்ந்திருப்பது படம். கோமதி காற்றில் குந்தியிருந்து எடுத்தபோது கமரா சரிந்திருக்கிறது. கமரா சரிந்தும் தட்டு நேராகத் தெரிகிறது என்றால், உண்மையில் தட்டுச் சரிந்து கிடக்கிறது. பாறை மேலேயிருந்து எங்கிருந்தோ சறுக்கி விழுந்தது. கண்ணாடி தான் இறுகிய இடத்தின் பாரத்தைத்தான் சொல்லும். விழுந்து கிடக்கும் இடத்தைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. அப்படியென்றால் எந்தக் குளமும் உடையவில்லை. எங்கள் தொழிலில் நடக்கக்கூடிய பிழையைப் பாருங்கள். படத்தில் அளவுக்கென்று சுத்தியல் வைக்க ஒருவரும் மறப்பதில்லை. மட்டத்துக்கென்று எதையும் வைக்க ஒருவருக்கும் தோன்றுவதில்லை.

அன்று நான் கோமதியிடம் எதுவும் சொல்லவில்லை. ஆறு மணிக்கு வீட்டில் சாப்பாட்டு மேசையில் இருந்தபோது மனைவி கேட்டாள்.

"இஞ்சருங்கோ, சோறு ஆறுது. என்ன யோசினை?"

எல்லாவற்றையும் சொன்னேன். சொன்னால் கோமதிக்கு அந்த வேலை போய்விடும். ஒருவேளை நான் பார்த்ததே பிழையாக இருந்தால், வீணாகப் பிள்ளையைக் குழப்பியவன் ஆவேன். கூட்டம் முடியட்டும், பிறகு ஆறுதலாகச் சொல்லலாமோ என்று இழுத்தேன்.

மனைவி விமான நிலையத்தில் பயணிகளுக்குச் சாப்பாடு கட்டும் இடத்தில் வேலை செய்தவள். எங்கள் பாறைகளில் அவளுக்கு எள்ளளவும் அக்கறை கிடையாது. கறியை என் தட்டில் போட்டபடியே சொன்னாள்.

"அந்தப் பிள்ளை பிழையாச் சொல்லி வேலை எடுக்கிறதோ, சரியாச் சொல்லி வேலையை விடுறதோ எண்டு நீங்கள் இருந்து யோசிக்கிறியள். அது அவளின்ரை யோசினை எல்லோ? உங்களை ஆர் கேட்டது? நாளைக்குக் காலமையே சொல்லுங்கோ. பிந்திச் சொன்னா அவளுக்கு யோசிக்கவும் நேரம் இராது."

சோற்றைச் சாப்பிட்டேன்.

அடுத்த நாள் காலை கோமதியை மண்டபத்துக்குக் கூட்டிப்போய் அந்தப் படத்தைப் போட்டேன். பார்த்தாள். நான் திரைக்குப் பக்கத்தில் போய், தொங்கும் பனியை விரலால் காட்டினேன். அவளுக்கு விளங்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் உடனே ஒப்புக்கொள்கிற பெண்ணா அவள்?

"சார், அங்க காத்து எப்படி அடிக்கும்னு உங்களுக்குத் தெரியாது. நிக்கிற ஆளையே சாய்ச்சிரும். ஐஸ் சாய்ஞ்சு தொங்குறது ஒரு அதிசயமா?"

"காத்து வெளியிலைதானே பிள்ளை. இது பொந்துக்குள்ளை தொங்குது."

"பொந்துக்குள்ளயும் அடிக்கும். நான் உள்ள கைய விட்டுப் பாத்தேன்."

அங்கே போகாதவன் நான், போனவள் அவள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஒரு துண்டுப் பனியை நம்பி ஒருத்தியின் மூன்று வருட உழைப்பைத் தள்ளிவிட முடியாது. அவளே கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சார், அந்தத் தட்டுலேர்ந்து ஒரு துண்டு எடுத்தேன்ல, காந்தப் பரிசோதனைக்குன்னு" என்றாள். பிறகு களஞ்சிய அறையை நோக்கி நடந்தாள்.

காந்தப் பரிசோதனை என்பது பாறைக்குள் உறைந்துபோன காந்தத்தின் திசையை அளப்பது. அதற்குப் பாறை எடுப்பவர்கள், உடைப்பதற்கு முன்பு கருவியை வைத்து, அந்த இடத்தின் மட்டக்கோட்டைப் பாறையின் மேல் மையால் கீறுவார்கள். எந்தக் குளிரிலும் இதை விடக்கூடாது என்பது எங்கள் பழக்கம். கைவிரல் விறைக்க விறைக்கக் கோமதியும் கீறியிருந்தாள். அந்தப் பரிசோதனைக்கு முறை வராததால் துண்டு பெட்டியிலேயே கிடந்தது.

மேற்குக் கரையின் கறுப்பு மணல் நிரப்பிய தட்டம் ஒன்று எங்களிடம் இருந்தது. பாறையை அதில் புதைத்து, மட்டக்கோடு சரியாகக் கிடையாக வரும்வரை அவளே அசைத்து அசைத்து வைத்தாள். பிறகு கையை எடுத்தாள். கோடு மட்டமாக நின்றது. பாறையில் இருந்த தட்டின் பரப்பு, வீட்டுக் கூரையைப் போலச் சரிந்து நின்றது.

அவள் கையிலிருந்த மணலைத் தட்டிவிட்டு, குடையைக்கூட எடுக்காமல் மழையில் வெளியே போனாள். எனக்கு அவளை நினைத்து மனம் கனத்தது. வேறு யாராவது அலட்சியமாக எடுத்த பாறையாக இருந்திருந்தால் நாங்கள் சந்தேகத்தோடேயே விட்டிருப்போம். அவள் ஒழுங்காகக் கீறிய கோடுதான் அவளுடைய முடிவைக் கவிழ்த்தது.

எங்கள் தலைவரிடம் நான் போய்ச் சொன்னேன். அதிகம் பேசாத நியூசிலாந்துக்காரர், பேசினாலும் பாதியை மீசைக்குள் வைத்துக்கொள்வார். வந்து மணல் தட்டத்தைக் குனிந்து பார்த்தார். "அந்தப் பாறையைப் பற்றி உரையில் பேசாமல் விடலாம். இன்னும் சரிபார்க்கிறோம் என்று சொன்னால் பொய்யாகாது. பேராசிரியரும் வேலை கொடுப்பதற்கு அது போதும். ஆனால் உரை கோமதியுடையது" என்றார். அவர் மோசமானவர் அல்ல. உங்களில் யாராவது அந்த இடத்தில் இருந்தாலும் அதைத்தான் சொல்வீர்கள். எனக்கும் அது நல்ல வழியாகத்தான் பட்டது.

பின்னேரம் கோமதி திரும்பி வந்தாள். காலில் போட்டிருந்த சப்பாத்துக்குள் தண்ணீர் சளக் சளக்கென்றது. தலைவர் சொன்னதைச் சொன்னேன். கேட்டது மாதிரியே தெரியவில்லை.

"சார், அது விழுந்த பாறைன்னா எங்கேர்ந்து விழுந்துச்சு?"

"மேலையிருந்து."

"மேலன்னா எவ்வளவு மேல? உச்சியில இருக்கிற பாறையிலயே தண்ணி இதவிட அதிகமா இருக்கு. அப்ப இது உச்சிக்கும் மேலேர்ந்து வந்திருக்கணும். இப்ப அங்க மலையே இல்ல."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மலையின் பழைய உச்சி எப்போதோ இடிந்துபோயிருக்கிறது. அதன் ஒரு துண்டு அடிவாரத்தில் கிடக்கிறது. அதுவும் தலையணைப் பாறை. அப்படியென்றால் இல்லாமல் போன அந்த உச்சியும் ஒரு காலத்தில் பனிக்கு அடியில், தண்ணீருக்குள் இருந்திருக்கிறது. பனி நாங்கள் கணக்குப் போட்டதைவிட உயரமாக நின்றிருக்கிறது. உறுதியில்லாதது என்று நாங்கள் சொல்லித்திரிந்த பனி அது.

"நிச்சயமாச் சொல்ல ஏலாது பிள்ளை" என்றேன்.

"நிச்சயம்னு சொல்லப் போறதில்ல. இப்படி இருக்கலாம்னு சொல்லுவேன். ஆனா குளம் ஒடையலைங்கிறத நிச்சயமாச் சொல்லுவேன்."

"அவர் வேலை தாறது அந்தக் குளம் உடைஞ்சதுக்குத்தான், தெரியும்தானே?"

"தெரியும் சார்" என்றாள். மனைவி சொன்னது காதில் கேட்டுக்கொண்டேயிருந்தது.

கூட்டத்தன்று மண்டபம் நிறைந்திருந்தது. கடல் கடந்து வந்த பேராசிரியர் முன்வரிசையில், கால்மேல் கால் போட்டுச் சிரித்த முகத்தோடு இருந்தார். புரொஜெக்டருக்குப் பக்கத்தில் நான். கோமதி அந்தப் படத்தைப் போடச் சொன்னாள். "இந்தத் தட்டு மட்டமாக இருப்பதைப் பாருங்கள்" என்றாள். எல்லோரும் தலையாட்டினார்கள். பேராசிரியரும் ஆட்டினார். பிறகு என்னைப் பார்த்துக் கை காட்டினாள். நாங்கள் முன்கூட்டியே பேசிவைத்தபடி, புரொஜெக்டரின் ஒரு பக்கத்தின் கீழ் நான் மரக்கட்டையைச் செருகிக்கொண்டே போனேன். திரையில் படம் மெல்லத் திரும்பியது. சாய்ந்து தொங்கிய பனி நேரானதும் நிறுத்தினேன்.

தட்டு சரிந்து கிடந்தது. பின்வரிசையில் ஒருவர் சிரித்துவிட்டார், ஏளனமாக அல்ல. தன்னைத் தானே நொந்துகொள்ளும் சிரிப்பு அது. பிறகு கோமதி மணல் தட்டத்தை மேசையில் தூக்கி வைத்துப் பாறையைக் காட்டினாள். குளம் உடையவில்லை, தான் முன்பு சொன்னது பிழை, இந்தப் பாறை இல்லாமல்போன உச்சியிலிருந்து வந்திருக்கலாம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

பேராசிரியர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "என்னுடைய மலையிலும் இப்படித்தான் நடந்திருக்கும் என்கிறீர்களா?"

"எனக்குத் தெரியாது. உங்கள் படங்களில் தொங்குகிற எதையும் நான் பார்க்கவில்லை" என்றாள் கோமதி. ஆங்கிலத்தில் அது இன்னும் கொஞ்சம் கூர்மையாகவே விழுந்தது.

இனி நடந்ததை ஒழுங்கு மாற்றிச் சொல்கிறேன், நீங்கள் கவலைப்பட்டுக்கொண்டே வாசிக்க வேண்டாம். கோமதி ஊருக்குப் போகவில்லை. மனுரேவாவுக்கு அப்பால் கல் உடைக்கும் நிறுவனம் ஒன்றுக்குப் பாறை படித்த ஆள் தேவைப்பட்டது. அங்கே தலைக்கவசம் போட்டுக்கொண்டு, லொறிக்காரர்களோடு சண்டை பிடித்துக்கொண்டு சில வருடங்கள் வேலை செய்தாள், விசாவும் நிலைத்தது. விடுமுறை நாட்களில் எங்கள் ஆய்வகத்துக்கு வந்து மிச்சக் கண்ணாடிகளை அளந்தாள். உயரமான பனியைப் பற்றிய அவள் ஆய்வுக்குப் பட்டம் கிடைத்தது. பிற்பாடு மீண்டும் அந்தாட்டிக்காவுக்கும் போனாள், ஒரு தடவை அல்ல. இப்போது ஹில்ஸ்பரோவில் வீடு. பொங்கலுக்கு எங்களைக் கூப்பிட மறப்பதில்லை. அவளுடைய பிள்ளைகள் என் மனைவியின் தமிழுக்கு ஆங்கிலத்தில் பதில் சொல்வார்கள்.

ஆனால் கூட்டத்துக்கு அடுத்த நாள் இது எதுவும் எங்களுக்குத் தெரியாது. அன்று காலை பேராசிரியர் கோமதியைக் கூப்பிட்டு, மரியாதையாகவே, அந்த வேலை வேறொருவருக்குப் பொருத்தமாக இருக்கும் என்று சொல்லிவிட்டார். தலைவர் வந்து என்னிடம் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது, யாரிடம் காட்டுவது என்று தெரியவில்லை. அந்தத் தேநீரை வேறெங்காவது நின்று குடித்திருக்கக்கூடாதா என்று என்னையே திட்டிக்கொண்டு அவளைத் தேடிப்போனேன்.

களஞ்சிய அறையில் நிலத்தில் சம்மணமிட்டு இருந்து, பாறைகளைக் கடதாசியில் சுற்றிக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது. நானும் பக்கத்தில் குந்தியிருந்து ஒரு பாறையை எடுத்துச் சுற்றினேன். "நான் சொல்லாமல் விட்டிருக்கலாம் பிள்ளை" என்றேன்.

அவள் சுற்றுவதை நிறுத்தவில்லை.

"விட்டிருந்தா வேலை கெடச்சிருக்கும் சார். கெடச்சதும் அவரு மொத வேலையா என்னை எங்க அனுப்பியிருப்பாரு? அந்தப் பாறைக்குத்தான். இன்னும் நெறைய எடுத்துட்டு வான்னு. நான் அங்க போயி, அந்தத் தட்டு சரிஞ்சு கெடக்குறத என் கண்ணால பாத்துட்டு, அந்த ஐஸுக்கு முன்னாடி, யாருகிட்டயும் சொல்ல முடியாம ஒத்தையில நின்னிருப்பேன்."

அடுத்த பாறைக்குக் கையை நீட்டினாள். நான் எடுத்துக் கொடுத்தேன்.